முட்டை, கச்சான் (நிலக்கடலை), மீன்: பிள்ளைக்கு முதல் வாய் எப்போது, எப்படித் தீத்துவது

என் மூத்தவனுக்கு அப்போது 14 மாதம். திருகோணமலை உவர்மலையில் சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. யாரோ ஆசையாகப் பிரியாணிக்குள் கிடந்த அவித்த முட்டையில் ஒரு துண்டைக் கிள்ளி அவன் வாயில் வைத்தார்கள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. முதலில் வாயைச் சுற்றிச் சிவந்தது, பிறகு கழுத்திலும் முதுகிலும் நுளம்பு கடித்தது போலத் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது, அப்புறம் சத்தி. ஓட்டோவில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடமும் இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசையும்.

அது முட்டை ஒவ்வாமை. அதுவரை அவன் வாயில் முட்டை பட்டதே இல்லை. மூன்று மாதத்திலிருந்தே அவனுக்குக் கிரந்தி (டொக்டர்மார் எக்ஸிமா என்பது), கன்னமும் முழங்கை மடிப்பும் எப்போதும் செக்கச் செவேலென்று கிடக்கும். "கிரந்திப் பிள்ளைக்கு முட்டை, மீன், கச்சான் ஒன்றும் வேண்டாம், ரெண்டு வயது தாண்டட்டும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நாங்கள் காட்டிய ஒரு டொக்டரும் அதையே சொன்னார். நானும் கேட்டு நடந்தேன். பிறகு இரண்டாவது வயிற்றில் இருந்தபோதுதான் உட்கார்ந்து வாசித்தேன், பிள்ளை வைத்தியரிடம் கேட்டேன், கிளினிக்கில் மிட்வைஃப் அக்காவைக் கேட்டுக் கேட்டுக் கரைச்சல் கொடுத்தேன். அப்போது புரிந்தது, நாங்கள் செய்ததற்கு நேர் எதிரானதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் பிள்ளை பெறப்போகும் என் தங்கச்சிக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான்: ஒரு சாப்பாடு பிள்ளையின் உடம்புக்கு முதன்முதலில் வாய் வழியாக, வயிறு வழியாக அறிமுகமானால் உடம்பு அதைப் பெரும்பாலும் சாப்பாடு என்று ஏற்றுக்கொள்ளும். அதே சாப்பாடு, வெடித்துப் புண்ணான தோல் வழியாக முதலில் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்துவிடக்கூடும். இலண்டனில் கிடியன் லாக் என்ற பிள்ளை ஒவ்வாமை வைத்தியர் 2008இல் இந்தக் கருத்தை எடுத்து வைத்தார். அங்கே வளரும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளை விடப் பத்து மடங்கு கச்சான் ஒவ்வாமை இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வழி வந்த சனம், வித்தியாசம் என்னவென்றால் இஸ்ரேலில் ஏழெட்டு மாதக் குழந்தைக்கே கச்சானில் செய்த, வாயில் வைத்தவுடன் கரையும் பொரியைக் கொடுத்து விடுகிறார்கள், இலண்டனில் ஒளித்து வைத்தார்கள்.

சும்மா ஊகமாக விடாமல் அவர்கள் சோதித்தும் பார்த்தார்கள். கடுமையான கிரந்தியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குக் கச்சான் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றப் பாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. 2015இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் ஒன்றும் காட்டாத பிள்ளைகளில், ஒதுக்கியவர்களில் 13.7 வீதம் பேருக்குக் கச்சான் ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 1.9 வீதம் பேருக்குத்தான். அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு முட்டையை 2 வயது வரையும், கச்சானையும் மீனையும் 3 வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது, 2008இல் அதைக் கைவிட்டது. நம் ஊரில் அந்தப் பழைய சொல் இன்னும் வாய்க்கு வாய் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் என் கவலை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதல் ஆறு மாதம்: தாய்ப்பாலும் தோலும்

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் கூட வேண்டாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெளியே நின்றால் முகம் எரியும் வெயிலில், "பிள்ளைக்கு நா வரளுது, ஒரு கரண்டி தண்ணி தீத்து" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான், அடிக்கடி பாலைக் கொடுங்கள், போதும். சீனித் தண்ணீர், உரைமருந்து, கிரேப் வாட்டர், பிறந்தவுடன் தொட்டு வைக்கும் தேன், இதொன்றும் வேண்டாம். தேன் மட்டும் ஒரு வயது முடியும் வரை கண்டிப்பாக வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே முடக்கும் நஞ்சை உண்டாக்கும், காய்ச்சினாலும் அந்த விதை சாகாது.

தாய்ப்பாலில் ஒரு அதிசயம் இருக்கிறது, அதை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாலில் உள்ள திடமான சத்துகளில் லக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைச் சீனி, அதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. செரிக்காத ஒன்றை உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுச் சுரக்க வேண்டும்? அது குழந்தைக்கு அல்ல, குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நல்ல கிருமிகளுக்கு. பிஃபிடோ பக்டீரியா என்ற கூட்டம் அதைத் தின்று பெருகி, புளிப்பான அமிலங்களை விட்டு, கூடாத கிருமிகளுக்கு இடம் கொடாமல் செய்து, குடல் சுவரையும் இறுக்கி வைக்கிறது. எது சாப்பாடு, எது பகை என்று உடம்பு பழகும் பள்ளிக்கூடம் அந்தக் குடல்தான். அதனால்தான் பிறந்த முதல் வாரத்தில், வைத்தியக் காரணம் எதுவும் இல்லாமல் "பால் காணாது" என்று மாப்பால் போத்தலைத் தூக்காதீர்கள். மாட்டுப்பால் மாவை முதல் வாரத்தில் இடையிடையே கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர்களின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது. உண்மையிலேயே பால் காணாமல் நிறை இறங்கினால் அது வேறு, அப்போது மிட்வைஃப், டொக்டர் சொல்வதைக் கேளுங்கள், அதற்காகக் குற்ற உணர்ச்சியில் கிடந்து வேகவும் வேண்டாம். சிசேரியனில் பிறந்த பிள்ளைக்கு நல்ல கிருமி சேரக் கொஞ்சம் பிந்தும், தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொண்டு பாலைக் கொடுப்பதுதான் அதற்கும் வழி.

தாய்க்குப் பத்தியம் பற்றி ஒரு சொல். சரக்குக் கறியும் காரல் மீன் சொதியும் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் "நீ முட்டை தின்றால் பிள்ளைக்குக் கிரந்தி" என்று தாயை ஒதுக்கி வைப்பதால் பிள்ளைக்கு ஒவ்வாமை குறைவதில்லை, தாய்தான் மெலிகிறாள். பிள்ளைக்கு ஒவ்வாமை என்று வைத்தியர் உறுதியாகச் சொன்னால் மட்டும் ஒதுக்கலாம்.

இனித் தோல். இந்த இடத்தில்தான் நான் மூத்தவனுக்குப் பிழை விட்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கிரந்திக்கு என்ன செய்தோம்? நல்லெண்ணெய் தேய்த்து, பயற்றம் மா, சில நாள் கடலை மா பூசி, தேய்த்துக் குளிப்பாட்டினோம். வெடித்துக் கிடக்கிற தோலில் எள்ளையும் பயற்றையும் கடலையையும் நாள்தோறும் அரக்கித் தேய்த்திருக்கிறோம். அவனுக்கு முட்டை ஒவ்வாமை வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. முட்டை வந்த வழி வேறாக இருக்கலாம், வீட்டில் எல்லாரும் முட்டை சாப்பிட்ட கையோடு அவனைத் தூக்கினோம், வீட்டுத் தூசியில் கூட முட்டைப் புரதம் இருக்கும் என்கிறார்கள். ஆனால் தோல் வழியாகச் சாப்பாட்டு ஒவ்வாமை வருவது கற்பனை இல்லை. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பாவித்து, அதுவரை பாணும் நூடில்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்த 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது, 2011இல் அந்தச் சவர்க்காரத்தைத் திருப்பி எடுத்தார்கள். வளர்ந்தவர்களுக்கே அப்படி என்றால் மூன்று மாதக் குழந்தையின் தோல் எம்மாத்திரம்?

அதனால் கிரந்தி உள்ள பிள்ளைக்கு மாவும் வேண்டாம், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் குளிக்க வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் மணமில்லாத கிறீம் ஏதாவது பூசுங்கள், ஒன்றுமில்லாவிட்டால் சுத்தமான தேங்காயெண்ணெய். பூசும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாகச் சமைத்த கை. சிவந்து, கசிந்து, பிள்ளை இரவில் சொறிந்து அழுதால் டொக்டரிடம் காட்டி, அவர் தரும் ஸ்டீரொய்ட் கிறீமைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசுங்கள். அதற்குப் பயந்து அரைகுறையாகப் பூசித் தோலை மாதக்கணக்கில் வெடித்துக் கிடக்க விடுவதுதான் கூடாதது. கிரந்தியே இல்லாத பிள்ளைக்கு எந்தக் கிறீமும் தேவையில்லை, வீண் செலவு.

என் சின்னவளுக்கும் இரண்டரை மாதத்தில் கன்னம் சிவந்தது. இந்த முறை ஒரு கிழமைக்குள் காட்டினோம், ஐந்தரை மாதம் ஆகும்போது தோல் பட்டுப் போல் ஆகிவிட்டது. தோலை முதலில் ஆற்று, பிறகு சாப்பாட்டைத் தொடங்கு. இந்த ஒழுங்கில் செய்து பார்த்த ஜப்பானிய ஆராய்ச்சி ஒன்று 2017இல் வெளியானது. கிரந்தியுள்ள 147 குழந்தைகளுக்குத் தோலை நன்றாகக் கவனித்துக்கொண்டே, ஆறு மாதத்திலிருந்து பாதிப் பேருக்கு மிகச் சிறிய அளவில் வேகவைத்த முட்டைத் தூளைக் கொடுத்தார்கள். ஒரு வயதில் பார்த்தபோது கொடுக்காதவர்களில் 38 வீதம் பேருக்கு முட்டை ஒவ்வாமை, கொடுத்தவர்களில் 8 வீதம்.

ஆறு மாதம் முடிந்ததும்

சோறு தீத்துகிற நாளைக் கோயிலில் வையுங்கள், வீட்டில் வையுங்கள், அது உங்கள் விருப்பம். பிள்ளை தலையை நேராகப் பிடித்து, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து, நாம் சாப்பிடுவதைப் பார்த்து வாயைத் திறந்தால் ஆயத்தம் என்று அர்த்தம். குழைய வேகவைத்த சோற்றை நசித்துத் தொடங்குங்கள், தண்ணீர் போல அல்ல, கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வடியாத தடிப்பில். இரண்டு மூன்று நாளில் பருப்பு, பிறகு பூசணி, கரட், வத்தாளங்கிழங்கு, முருங்கை இலை, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் அல்லது நெய். உப்பும் சீனியும் ஒரு வயது வரை வேண்டாம். உங்கள் வாய்க்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்குத் தெரியாது.

இரும்புச்சத்தை மறக்க வேண்டாம். வயிற்றிலிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தில் குறைந்துவிடும், வெறும் அரிசிக் கஞ்சியில் அது கிடைக்காது. மீன், முட்டை, அவித்து நசித்த கோழி ஈரல் கொஞ்சம், பருப்புக்கு இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளி. கிளினிக்கில் தரும் நுண்சத்துத் தூளை அவர்கள் சொல்கிறபடி சோற்றில் கலந்து கொடுங்கள், அலுமாரியில் கிடக்க விடாதீர்கள். தேத்தண்ணீர் தொட்ட பிஸ்கட் வேண்டவே வேண்டாம். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, பிஸ்கட்டில் சீனி.

அடிப்படையாக நாலைந்து சாப்பாடு பழகியதும், அதாவது தொடங்கி ஒன்றிரண்டு கிழமைக்குள், ஒவ்வாமை வரக்கூடியவற்றைத் தொடங்குங்கள். ஒரு வயதுக்குள் முட்டை, கச்சான், மாட்டுப்பால் சேர்ந்த தயிர், கோதுமை, மீன், எள், சோயா எல்லாம் ஒரு சுற்று வந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கிரந்தி கடுமையாக இருந்தால், அல்லது ஏற்கெனவே ஏதாவது ஒரு சாப்பாட்டுக்குத் தடித்திருந்தால், கச்சானையும் முட்டையையும் வீட்டில் தொடங்க முன் டொக்டரிடம் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு முதல் வாயை ஆஸ்பத்திரியில் வைத்துத் தீத்துவது பாதுகாப்பு. ஆனால் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாள் முக்கியம்.

முட்டையை நான் சின்னவளுக்குத் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். வார நாள், காலை ஒன்பதரை. காய்ச்சல் தடிமன் இல்லை, ஊசி போட்ட கிழமையும் இல்லை. முட்டையை 15 நிமிடம் அவித்து, மஞ்சளையும் வெள்ளையையும் சேர்த்து முள்ளுக்கரண்டியால் மாவாக நசித்தேன். மாமி பக்கத்தில் நின்று, "பிள்ளை, வெள்ளைக் கரு வேண்டாம், மஞ்சளை மட்டும் குடு" என்றா. "மாமி, ஒவ்வாமை தருகிற புரதம் கூட இருக்கிறது வெள்ளையிலதான், அதைத்தான் பழக்க வேணும்" என்றேன். மாமி ஒன்றும் பேசவில்லை, ஆனால் அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. கடுகளவு எடுத்துக் கீழ் உதட்டின் உட்பக்கம் வைத்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு சோற்றில் கால் தேக்கரண்டி. அவள் முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், மறுபடி வாயைத் திறந்தாள். இரண்டு மணித்தியாலம் அவளை நித்திரையாக விடாமல் வைத்திருந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த நாள் அரைக் கரண்டி, ஒரு கிழமையில் கால் முட்டை. நன்றாக அவிந்த முட்டைதான், அரைவேக்காடு, பச்சை முட்டை வேண்டாம்.

சாப்பாட்டைப் பிள்ளையின் கன்னத்தில், கையில் தடவிப் "பரிசோதிக்க" வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். புதிதாக ஒன்றைக் கொடுக்கும் நாளில் வேறு புதிய சாப்பாடு கலக்காதீர்கள், இரண்டு நாள் விட்டு அடுத்தது. இதனால்தான் சத்துமாவைப் பற்றி எச்சரிக்கிறேன். அரிசி, பயறு, சோயா, கச்சான், எள் எல்லாம் ஒன்றாக வறுத்து அரைத்த மாவை முதல் சாப்பாடாகக் கொடுத்துப் பிள்ளை தடித்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போவது ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்கிவிட்டுப் பிறகு சத்துமா கொடுங்கள், அது அருமையான சாப்பாடு. திரிபோஷா என்ற சத்துமா கிடைத்தால் அதில் சோளம், சோயா, பால்மா இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கச்சான்

முழுக் கச்சானும் உடைத்த கச்சானும் ஐந்து வயது வரை கொடுக்கவே கூடாது, அது ஒவ்வாமைக்காக அல்ல, தொண்டையில் அடைக்கும், மூச்சுக் குழலுக்குள் போகும். காளிகோயிலடியில் சுடச்சுட வறுத்த கச்சான் சரை வாங்கினால் அது பெரியவர்களுக்கு. பிள்ளைக்குப் பச்சைக் கச்சானாக வாங்கி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. மற்றதை வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் விட்டுக் களியாகும் வரை அரையுங்கள். ஒரு துணிக்கை கூட இருக்கக் கூடாது. அந்தக் களியை அப்படியே கொடுத்தால் மேல் அண்ணத்தில் ஒட்டி விக்கும், ஆகவே சூடாறிய வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ கஞ்சியிலோ கரைத்துத் தளர்த்திக் கொடுங்கள். முதல் நாள் கரண்டி நுனியளவு, பத்து நிமிடம் பொறுத்து மிச்சம்.

பழகிய பிறகு நிறுத்தக் கூடாது. இதைத்தான் கனபேர் விட்டுவிடுகிறார்கள், ஒருமுறை கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றால் "சரி, பாஸ்" என்று மூன்று மாதம் மறந்து விடுகிறார்கள். உடம்பு பழகுவது தொடர்ந்து சாப்பிடுவதால்தான். முட்டையும் கச்சானும் கிழமைக்கு இரண்டு தடவையாவது வரட்டும். இலண்டன் ஆராய்ச்சியில் கிழமைக்கு 6 கிராம் கச்சான் புரதம் கொடுத்தார்கள், வீட்டுக் கணக்கில் கிழமைக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு தேக்கரண்டிக் களி. அந்தப் பிள்ளைகளைப் பதின்ம வயதில் மறுபடி பார்த்தபோதும், சிறுவயதில் சாப்பிட்டவர்களுக்குக் கச்சான் ஒவ்வாமை 71 வீதம் குறைவாகத்தான் இருந்தது என்று 2024இல் எழுதினார்கள், இடையில் விருப்பப்படி சாப்பிட விட்டும்.

மீன், நம் ஊர் விஷயம்

கடல் பக்கத்திலேயே இருந்துகொண்டு பிள்ளைக்கு மீனை ஒளிப்பது போல வீண் வேறில்லை. விளைமீன், பாரை, காரல், சாளை, நெத்தலி எல்லாம் நல்லது. அவித்து, முள்ளைக் கண்ணால் அல்ல, விரலால் தடவித் தடவி எடுங்கள், சாளையில் மயிர் போன்ற முள் இருக்கும். பெரிய சுறா, தளபத் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கருவாட்டில் உப்பு, அதுவும் இப்போது வேண்டாம். இறாலையும் நண்டையும் தள்ளிப்போடத் தேவையில்லை, நன்றாக அவித்து, பஞ்சாக அரைத்துக் கொடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்தால் "மீன் அலர்ஜி" என்று உடனே பெயர் வைத்து விடுகிறோம். பலதடவை அது அலர்ஜி இல்லை. சூரை, கெளவல்லா போன்ற மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அதில் கிருமி வளர்ந்து ஹிஸ்டமின் என்ற இரசாயனம் உண்டாகிறது, அது கொதிக்க வைத்தாலும் போகாது, அந்த மீனைச் சாப்பிட்ட யாருக்கும் சிவக்கும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒன்றாகக் கடித்தால் மீன் பழுது என்று யோசியுங்கள். பிள்ளைக்கு முதல் மீன், விடியக் கரைக்கு வந்த வள்ளத்து மீனாக இருக்கட்டும், வாங்கி வந்து உடனே சமையுங்கள். மத்தியானம் சைக்கிளில் சுற்றி வந்த சூரையில் தொடங்கினால், தடித்தால் எதனால் தடித்தது என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை வீணாக வருடக்கணக்கில் மீன் இல்லாமல் வளரும்.

தயிரும் வயிறும்

கிண்ணியாச் சட்டித் தயிர், தம்பலகாமத்துத் தயிர் இதெல்லாம் இருக்கும்போது விலை கூடிய புரோபயோட்டிக் (நல்ல கிருமி) துளிகளை வாங்க வேண்டிய தேவை சுகமாக இருக்கும் பிள்ளைக்கு இல்லை. ஆறு ஏழு மாதத்தில் சீனி போடாத புதுத் தயிரில் ஒரு கரண்டியைச் சோற்றில் பிசைந்து தொடங்கலாம். காய்ச்சிய பாலில் உறைந்ததா, சட்டி மூடியிருந்ததா என்று கேட்டு வாங்குங்கள், புளித்து நாட்பட்டது வேண்டாம். பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எருமைத் தயிரோ ஆட்டுப்பாலோ மாற்று ஆகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கும் தடிக்கும். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசுப்பாலைக் குடிபாலாக வைப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான்.

குடல் கிருமிகளுக்கு வேண்டியது விதவிதமான நார். இன்றைக்குக் கீரை, நாளைக்குப் பயறு, இராசவள்ளிக் கிழங்கு, பப்பாசி, வாழைப்பழம், குரக்கன், தவிடு போகாத சிவப்பரிசி. ஒரே கஞ்சியை மூன்று மாதம் ஓட்டாதீர்கள். சாப்பாடு தொடங்கியதும் மலத்தின் நிறமும் மணமும் மாறும், சிலவேளை இறுகும், அதற்குப் பப்பாசியும் இடையில் கொதித்தாறிய தண்ணீரும் போதும். மலத்தில் இரத்தம் கண்டால் டொக்டரிடம்.

தடிமனுக்கெல்லாம் அன்ரிபயோட்டிக் கேட்டு வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சாதாரணத் தடிமன் வைரஸ், அந்த மருந்து அதற்குக் கேட்காது, குடலில் உள்ள நல்லதையும் சேர்த்துக் கொல்லும். டொக்டர் தேவை என்று தந்தால் முழு நாளும் கொடுங்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற உப்பு சீனிக் கரைசலும் தாய்ப்பாலும், சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

தடித்தால்

தக்காளி, தேசிக்காய் பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால் பெரும்பாலும் எரிச்சல்தான், தீத்த முன் வாயைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தொட்டு விடுங்கள். உடம்பில் வேறு இடங்களிலும் தடிப்பு எழும்பினால், உதடு கண் வீங்கினால், சத்தி எடுத்தால், அந்தச் சாப்பாட்டை நிறுத்தி அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள், படம் எடுத்து வையுங்கள், எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். சில பிள்ளைகள் தடிப்பே இல்லாமல், இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்து வெளிறிச் சோர்ந்து போகும், அதுவும் ஒருவகை ஒவ்வாமை, உடனே கொண்டு போக வேண்டியது.

விடாத இருமல், இழுப்பு, குரல் அடைப்பு, நாக்கு வீக்கம், வெளிறித் துவண்டு போதல், இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் பார்க்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், அதை விடச் சுறுக்காகப் போக முடிந்தால் போங்கள். பிள்ளையை நிமிர்த்தித் தோளில் போடாமல் மடியில் படுக்கையாக வைத்திருங்கள், சத்தி எடுத்தால் பக்கவாட்டில். அலர்ஜிக்குக் கொடுக்கும் பாணி மருந்து தடிப்பைத்தான் குறைக்கும், மூச்சை மீட்பது அட்ரினலின் ஊசி, அது ஆஸ்பத்திரியில். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிக்கு அப்பால் இருக்கிறவர்கள் புதுச் சாப்பாட்டைத் தொடங்கும் நாளை வாகனம் வீட்டில் நிற்கும் நாளாகப் பாருங்கள், மார்கழி மழையில் பாதை வெள்ளத்தில் நிற்கும்போது தொடங்காதீர்கள்.

ஒரு குறியும் இல்லாத பிள்ளைக்கு "எல்லாத்துக்கும் செக் பண்ணிப் பார்ப்போம்" என்று இருபது முப்பது சாப்பாட்டுக்கு ஒன்றாக இரத்தம் சோதிக்கக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத சாப்பாட்டுக்கும் அதில் கூட்டிக் காட்டும், அதை நம்பி நல்ல சாப்பாட்டை நிறுத்தினால் இல்லாத ஒவ்வாமையை நாமே உண்டாக்கியது போலாகலாம். உண்மையில் ஒவ்வாமை இருந்தாலும் மனம் தளர வேண்டாம், பாலும் முட்டையும் பலருக்கு வளர வளர விட்டுப் போகும். என் மூத்தவனுக்கு ஐந்து வயதில் ஆஸ்பத்திரியில் வைத்து முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், இப்போது ஒம்லட் கேட்டுச் சண்டை பிடிக்கிறான். வீட்டில் நீங்களாகச் சோதிக்காதீர்கள். ஒன்பது மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை முட்டை ஒவ்வாமைக்காக நிறுத்தவும் தேவையில்லை, ஆனால் என்ன ஒவ்வாமை என்று கிளினிக்கில் சொல்லி, பிள்ளையின் புத்தகத்திலும் எழுதுவியுங்கள்.

சின்னவளுக்குப் பல்லு முளைத்ததற்கு எட்டாம் மாதம் பல்லுக்கொழுக்கட்டை வைத்தோம். தலையில் கொழுக்கட்டையைச் சொரியும்போது அறை நிறையச் சனம், ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு தின்பண்டம், எல்லாருக்கும் அவள் வாயில் ஒன்று வைத்துப் பார்க்க ஆசை. நான் முதலே மாமியிடம் சொல்லி வைத்திருந்தேன். மாமி வாசலிலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னா, "பிள்ளைக்கு ஆரும் ஒண்டும் தீத்த வேண்டாம், தாய் தீத்துவா." அவளுக்கென்று ஒரு கொழுக்கட்டையைப் பாலில் கரைத்துத் தனியாக வைத்திருந்தேன், அதற்குள் இருந்த பயறும் தேங்காயும் அவளுக்கு ஏற்கெனவே பழகியவை.